பிரிஸ்டல் கடலும் ஏழாம் சந்தும்

சூசைமாணிக்கம் ஐம்பத்தோரு வயது வரைக்கும் கடலைப் பார்த்ததில்லை. திண்டுக்கல்லில் பன்னிரண்டு சந்துகளுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற மனிதர் கடலைப் பார்த்ததில்லை என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். பிறகு காரணத்தைச் சொன்னார், வாயை மூடிக்கொண்டேன்.

தண்ணீர் எந்த நாள் வரும் என்று அந்தத் தண்ணீருக்கே தெரியாது. மேல்நிலைத் தொட்டி நிரம்பினால் சாயங்காலம் ஆபீசிலிருந்து போன் வரும்: "மாணிக்கம், நாளைக்குத் திற." ஆறு நாளிலும் வரும், ஒன்பது நாளிலும் வரும். இருபத்திரண்டு வருடமாகத் தற்காலிகப் பணியாளர். ஒருநாள் ஆள் இல்லையென்றால் சாவி வேறு கைக்குப் போய்விடும். அதனால் அவர் ஊரைவிட்டு ஓர் இரவுகூட வெளியே தங்கியதில்லை. செப்டம்பர் மாதம் வேளாங்கண்ணிக்குப் பஸ் பிடித்துப் போகிறவர்களோடு மனைவி ரூபி போவாள். திரும்பும்போது அவருக்கென்று ஒரு பாட்டிலில் கடல் தண்ணீர் பிடித்து வருவாள். அவர் அதை உள்ளங்கையில் ஊற்றி, நாக்கு நுனியில் வைத்து, "உப்புக் கொஞ்சம் தூக்கல்" என்பார், ரூபி வைத்த குழம்பைச் சொல்வதுபோல.

அவர் வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நாகல் நகருக்குப் பின்னால் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எண் போட்ட சந்துகள். எல்லாவற்றுக்கும் ஒரே பெரிய குழாய். சந்து முனைக்கு ஒரு வால்வு. இரும்பு மூடியைத் தூக்கி, தோள் உயரச் சாவியைக் குழிக்குள் விட்டு, செக்கு சுற்றுவதுபோல் சுற்றித் திறக்க வேண்டும். சந்துக்கு ஒரு மணி நேரம். காலை ஆறு மணிக்கு முதல் திறப்பு, பொழுது சாயும்போது கடைசித் திறப்பு. முதலில் திறக்கிற சந்தில் குழாய் சீறும். கடைசிச் சந்தில் ஜலதோஷம் பிடித்த மூக்கைப்போல ஒழுகும். எந்தச் சந்தில் தொடங்குவது என்பதை ஆபீஸ் சொல்லாது. அது சூசைமாணிக்கத்தின் இஷ்டம்.

உலகத்தில் அவர் கையில் இருந்த ஒரே அதிகாரம் அதுதான். அதனால் வந்த ஏச்சுக்கும் பேச்சுக்கும் அளவே இல்லை.

ஏழாம் சந்தில் பூக்கட்டி விற்கிற சண்முகவள்ளி வாய் திறந்தால் மூன்று சந்துக்குக் கேட்கும். "டீ குடிச்ச சந்துலதான் தண்ணி திறப்பாரு இவரு. நாங்களும் நாலு வடை வாங்கி வாசல்ல வச்சாத்தான் ஏழாம் சந்து கண்ணுக்குத் தெரியும் போல." மூன்றாம் சந்தில் பிரியாணி மாஸ்டர் ஜெகபர் அலி அவருக்கு டீ கொடுப்பது உண்மைதான். இருபத்திரண்டு வருடமாகக் கொடுக்கிறார். தண்ணீர் வராத நாளிலும் கொடுக்கிறார். இதையெல்லாம் சண்முகவள்ளியிடம் யார் சொல்வது?

இந்த நிலையில்தான் கடிகாரம் வந்தது.

மலைமேல் ஒரு பழைய பங்களாவை வாங்கியவர் உள்ளே இருந்ததையெல்லாம் காலி செய்யச் சொல்லியிருந்தார். ரூபியின் தம்பி ஜெரோம் குட்டி யானை வண்டி ஓட்டுகிறவன். கட்டில், பீரோ எல்லாம் ஏற்றி இறக்கியபின் மூலையில் ஒரு மரப்பெட்டி மிஞ்சியது. ஏழடிக்கு மேல் உயரம், மண்டையில் கண்ணாடி. "இத எங்கயாவது போட்டுருப்பா" என்றார் வாங்கியவர். ஜெரோமுக்கு எதையும் போட மனசு வராது. பெட்டியைப் படுக்கவைத்து, மழைக்கு வெள்ளை வேட்டியால் போர்த்தி, கயிறு கட்டி, உடைந்துவிடக்கூடாதே என்று மெதுவாக ஓட்டிக்கொண்டு அக்காள் வீட்டுக்கு வந்தான்.

மெதுவாக ஓட்டியதுதான் வினை. தொட்டிக்குப் பக்கத்தில், சந்துகளுக்கு வெளியே இருக்கும் சூசைமாணிக்கம் வீட்டு வாசலில் வெள்ளைத்துணி போர்த்திய நீளப்பெட்டி வந்து நின்றதும், எதிரே இருந்த முதல் சந்து முழுக்க அடுப்பை அணைத்துவிட்டது. எழவு விழுந்த தெருவில் பிணம் எடுக்கும்வரை உலை வைக்கக்கூடாது அல்லவா? ஐந்தாம் சந்துச் சோலையம்மாள் முடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு ஓடிவந்து, பெட்டிமேல் விழுந்து, மூன்று வரி ஒப்பாரி பாடிவிட்டாள். நாலாவது வரிக்குப் பெயர் வேண்டும்.

"ஏலே ஜெரோமு, யாருலே இது?" என்று காதோடு கேட்டாள்.

பெட்டிக்குள்ளிருந்து 'டங்' என்று ஒரு சத்தம் பதில் சொன்னது. சோலையம்மாள் அன்றைக்கு ஓடிய ஓட்டத்தில் அவள் செருப்பு மட்டும் வாசலிலேயே நின்றது. மூன்று நாள் கழித்துத்தான் வாங்க வந்தாள்.

வீட்டின் தகரக்கூரை ஏழடி. கடிகாரம் அதைவிட ஒரு சாண் அதிகம். கூரையை உயர்த்த முடியுமா? தரையில் ஒரு சாண் குழி வெட்டி, தென்னங்கன்று நடுவதுபோல் நட்டார்கள். எடைகளைத் தொங்கவிட்டு, பெண்டுலத்தை ஆட்டிவிட்டதும், அது நூறு வருடத் தூக்கத்திலிருந்து எழுந்த ஆளைப்போல ஒரு பெருமூச்சு விட்டு நடக்க ஆரம்பித்தது. வால்வு திறக்கிறவருக்கு அதன் சூட்சுமம் சட்டென்று பிடிபட்டது. எடை கீழே இறங்கப் பார்க்கிறது, ஒரு பல் அதைப் பிடித்துப் பிடித்து விடுகிறது. "நம்ம வேலைதான்" என்றார்.

மணி காட்டும் வட்டத்துக்கு மேலே வானவில் வளைவில் ஒரு சன்னல் இருந்தது. அதற்குள் நீல வானம், தங்கப் பொட்டு நட்சத்திரங்கள், கன்னம் உப்பிய ஒரு நிலா. இடதுபக்கம் ஒரு மேட்டுக்குப் பின்னாலிருந்து பிறையாக எட்டிப்பார்க்கும், நடுவில் முழுசாக நிற்கும், வலதுபக்க மேட்டுக்குப் பின்னால் தேய்ந்து மறையும். மறைந்ததும் இடதுபக்கத்தில் வேறொரு நிலா எட்டிப்பார்க்கும். ஒரே தட்டில் இரண்டு நிலாக்களை வரைந்திருந்தார்கள், மாதத்துக்கு ஒன்றாக வந்துபோக. முதல் நிலாவுக்கு லேசான மாறுகண். ரூபி அதை அக்கா என்றும் மற்றதைத் தங்கச்சி என்றும் கூப்பிட்டாள். ஓர் அமாவாசை அன்று நாள்காட்டியைப் பார்த்து அக்காவை மேட்டுக்குப் பின்னால் சரியாக நிறுத்திவைத்தாள். அன்றிலிருந்து தகரக்கூரைக்குக் கீழும் மேலும் ஒரே கணக்கில் நிலா வளர்ந்தது.

வளைவின் ஓரத்தில் ரோமன் எண்கள், அவற்றைக் காட்ட ஒரு சின்ன முள். அதற்கு மேல் இங்கிலீஷில் ஒரு வரி. பிளஸ் டூ படித்த ரூபி அதை எழுத்துக்கூட்டிப் படித்துச் சொன்னாள்: "பிரிஸ்டல்னு ஒரு ஊராம். அந்தத் துறைமுகத்துல இன்னைக்கு எத்தன மணிக்குக் கடல் ஏறும்னு இந்த முள்ளு காட்டுதுங்க. நிலா நகர நகர அந்த மணியும் நகருது. தினம் முக்கால் மணிக்குச் செத்த கூட."

"இப்ப எத்தன காட்டுது?"

"நாலு."

சூசைமாணிக்கம் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றே முக்கால். முகத்தைக் கழுவி, சட்டையை மாட்டிக்கொண்டு, விருந்தாளிக்குக் காத்திருப்பவர்போல் கடிகாரத்துக்கு முன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்.

அன்றிலிருந்து அது வழக்கமாயிற்று. முள் காட்டும் மணி பகல் பொழுதில் வந்தால் அவர் கண்ணை மூடிக்கொள்வார். எங்கோ ஒரு வால்வு திறக்கும். வடக்கே கரூர் ரோட்டில் முதலில் ஒரு பளபளப்புத் தெரியும். பிறகு சோளக்காடுகளுக்கு மேல் சத்தமில்லாமல் தண்ணீர் ஏறும். சின்னாளப்பட்டியில் காயப்போட்ட சுங்குடிச் சேலைகள் காற்றில் உப்பி, கொடியோடு பிய்த்துக்கொண்டு, பாய்மரங்களாகப் புறப்படும். ஒட்டன்சத்திரத்துத் தக்காளியெல்லாம் சிவப்பு மீன்களாக மிதந்து வரும். பஸ் ஸ்டாண்டில் பஸ்கள் வாத்துகளைப்போல் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்க, கண்டக்டர்கள் மேலே உட்கார்ந்து காலைத் தண்ணீரில் ஆட்டுவார்கள். நடுவில் மலைக்கோட்டைப் பாறை மட்டும் தீவாக நிற்கும், நாலு ஆடுகளோடு. தண்ணீர் அவர் வீட்டு வாசற்படி வரை வந்து, ஒரு படி ஏறி, அவர் கால் கட்டைவிரலைத் தொட்டுவிட்டு இறங்கிவிடும்.

கண்ணைத் திறந்தால் கால் ஈரமாக இருக்கும் என்பார். ரூபி வீட்டைத் துடைத்திருப்பாள் என்று நான் சொன்னதற்கு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அந்த வருடம் ஆபீசில் நிரந்தரமாக்கப் போகிறவர்களின் பட்டியலில் சூசைமாணிக்கத்தின் பெயர் வந்தது. இருபத்திரண்டு வருடக் காத்திருப்பு. சம்பளத்தைவிட அவர் மனசு லீவில்தான் இருந்தது. நிரந்தரமானால் லீவு உண்டு, அவர் லீவில் இருக்கும்போது திறக்க ஆபீசே ஆள் அனுப்பும். லீவு கிடைத்தால் கடல். இப்படி அவர் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தபோது மனு போயிற்று. வால்வு திறப்பவர் வேண்டியவர் வேண்டாதவர் பார்க்கிறார், டீக்கும் வடைக்கும் தண்ணீரை விற்கிறார் என்று நாற்பத்திரண்டு கையெழுத்து. முதல் கையெழுத்து சண்முகவள்ளி. புதிதாக வந்த இன்ஜினியர் இளவேனில் அவரைக் கூப்பிட்டார்.

"பட்டியல்ல உங்க பேரை இப்போதைக்கு நிறுத்தி வச்சிருக்கேன். ஒரு தண்ணி நாள்ல நானே நேர்ல வந்து பார்ப்பேன். பாரபட்சம் இருந்தா பேரை அடிச்சிருவேன். இல்லைன்னா கையெழுத்துப் போடுவேன். அவ்வளவுதான்."

சூசைமாணிக்கம் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் ரூபி தட்டை நகர்த்திவைத்துவிட்டுச் சொன்னாள்: "எந்தச் சந்து மொதல்லன்னு நீங்க முடிவு பண்ணுறதாலதான இம்புட்டு ஏச்சு? அந்த முடிவத் தூக்கி வேற யார் தலையிலயாவது வச்சிருங்க."

சீட்டுக் குலுக்கலாம் என்றார் ஜெகபர் அலி. யார் குலுக்குவது என்பதிலேயே சண்டை வந்தது. வீட்டுக்கு வந்த சூசைமாணிக்கம் கடிகாரத்தின் முன்னால் உட்கார்ந்தார். மேலே ரோமன் எண்கள். எண்ணினார். பன்னிரண்டு. மறுபடி எண்ணினார். பன்னிரண்டேதான்.

மறுநாள் பன்னிரண்டு சந்துக்கும் சொல்லி ஆள் அனுப்பினார். பிரிஸ்டலில் கடல் ஏறும் மணி எதுவோ, அந்த எண் சந்தில்தான் அன்றைக்கு முதல் தண்ணீர். அங்கிருந்து வரிசையாக அடுத்தடுத்த சந்து. யார் வேண்டுமானாலும் காலையில் வந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

"கடல் எங்க இருக்கு, நம்ம எங்க இருக்கோம்?" என்றாள் சண்முகவள்ளி. "கிறுக்குப் புடிச்சிருச்சு இந்த ஆளுக்கு."

"ஏக்கா, அங்க ஏறுற கடலும் நம்ம ஊரு அமாவாசையும் ஒரே நிலாவுக்குக் கட்டுப்பட்டதுதான். நிலா யாரு வீட்டுலயும் டீ குடிச்சதில்ல" என்றார் சூசைமாணிக்கம்.

சண்முகவள்ளி பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். கடைசி வார்த்தையை அவள் விட்டுக்கொடுத்தது அந்த வருடத்திலேயே அதுதான் முதல் தடவை.

தண்ணீர் நாளில் காலை ஆறு மணிக்குச் சந்துக்கு ஒருவர் வந்து கடிகாரத்தைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. வாசலில் செருப்பை விட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். ரோமன் எண்ணைச் சந்து முழுக்கக் கற்றுக்கொண்டது. மூன்றாம் சந்துக்கு மூன்று குச்சி. ஏழாம் சந்துக்கு ஒரு கவட்டை, இரண்டு குச்சி. தொடர்ந்து பார்த்ததில் சண்முகவள்ளி ஒன்றைக் கண்டுபிடித்துவைத்திருந்தாள்: பௌர்ணமியிலும் அமாவாசையிலும் முள் ஏழில்தான் வந்து நிற்கும். "நம்ம சந்து மேல அந்த ஊர்க் கடலுக்கு ஒரு இது" என்று பூக்கடையில் பெருமை அடித்தாள். ஆனாலும் மனுவைத் திரும்ப வாங்கவில்லை. கொடுத்ததைத் திரும்ப வாங்குவது அவள் வம்சத்திலேயே கிடையாது.

ஆவணி மாதத்தில் அவள் மகள் சுகன்யாவுக்கு நெய்க்காரப்பட்டியில் மாப்பிள்ளை அமைந்தது. பையன் பெயர் சிவபிரகாஷ், தென்னந்தோப்புக் குடும்பம். கார்த்திகை வளர்பிறை தசமியில் வீட்டிலேயே நிச்சயம். பத்திரிகை அடித்துப் பன்னிரண்டு சந்துக்கும் அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள், சூசைமாணிக்கத்துக்கும் ஒன்று. நிச்சயத்துக்கு முந்தின சாயங்காலம் போன் வந்தது.

"மாணிக்கம், நாளைக்குத் திற. இன்ஜினியர் மேடம் காலையில ஆறு மணிக்கு அங்க வருவாங்க."

அவர் போனை வைத்து, வளைவைப் பார்த்தார். நாளைக்கு அக்கா நிலாவுக்குப் பத்தாம் நாள். முள் மூன்று குச்சியில் நிற்கும். மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, அப்புறம் ஏழு. ஏழாம் சந்துக்குத் தண்ணீர் காலை பத்து மணிக்கு.

இந்தக் கணக்கைப் போட்டு முடிப்பதற்குள் சண்முகவள்ளி வாசலில் நின்றாள். வழக்கமாகச் சத்தம் முதலில் வரும், ஆள் பின்னால் வருவாள். அன்றைக்கு ஆள் மட்டும் வந்திருந்தாள்.

"தம்பி, ஒம்பது மணிக்கு அவுக வந்து எறங்குறாக. எம்பது பேருக்குச் சாப்பாடு. டேங்கர்காரன் முகூர்த்த நாளுன்னு மண்டபத்துக்குப் போயிட்டான். வீட்டுல ரெண்டே குடம் இருக்கு. அதுல நான் உலை வைக்கவா, அவுக கால் கழுவக் குடுக்கவா?"

"நாளைக்கு மூணாம் சந்துக்கா. நான் என்ன செய்ய?"

அவள் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடிக் கதவுக்குப் பூட்டுக்கூட இல்லை.

"பௌர்ணமின்னா ஏழுதான வரும்? ஒரு விரல வச்சு அந்த நிலாவ நடுவுல தள்ளி நிறுத்தினா... யாருக்குத் தெரியப் போகுது? நாளைக்கே அந்த மேடம்கிட்ட நான் மனுவ வாபஸ் வாங்கிடுறேன். இவரு தங்கமான மனுசன்னு எழுதிக் குடுக்குறேன்."

"அதத்தானக்கா நீ மனுவுல எழுதின? வேண்டியவங்களுக்குத் திறக்குறான்னு."

"அப்ப நான் உனக்கு வேண்டியவ இல்ல. இப்ப வேண்டியவளா ஆயிட்டேன்" என்று சொல்லிவிட்டு, அழுகையை அடக்கிக்கொண்டு போய்விட்டாள். அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. கத்தியிருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

விடியற்காலையில் ரூபி பால் வாங்கப் போயிருந்த நேரம். சூசைமாணிக்கம் கண்ணாடிக் கதவைத் திறந்தார். ஒருபக்கம் நிரந்தரம், லீவு, கடல். இன்னொரு பக்கம் இரண்டு குடத்தோடு ஒரு கல்யாணப்பெண் வீடு. நடுவில் ஒரு விரல். நிலாத்தட்டின் விளிம்பில் வைத்து அழுத்தினார். 'டிக்.' நாளுக்கு இரண்டு டிக், ஐந்து நாளுக்குப் பத்து. ஒவ்வொரு டிக்குக்கும் எங்கோ தூரத்தில், நங்கூரம் போட்டிருந்த கப்பல்கள் தூக்கத்தில் புரண்டதாகவும், பிரிஸ்டல் கடற்கரையில் படுத்திருந்த நண்டுகள் எழுந்து, "இந்நேரத்துக்கா?" என்று ஒன்றையொன்று கேட்டுக்கொண்டதாகவும் பின்னால் என்னிடம் சொன்னார். அடுப்படியில் இருந்த சொம்புத் தண்ணீர் தளும்பியதை மட்டும் கண்ணாலேயே பார்த்தாராம். பத்தாவது டிக்கில் அக்கா நிலா வளைவின் நடுவில் வந்து நின்று, மாறுகண்ணால் அவரைப் பார்த்தது. முள் ஏழில் நின்றது.

ஆறு மணிக்குப் பன்னிரண்டு பேரும் வந்துவிட்டார்கள். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு இளவேனிலும் வந்தார். எல்லோரையும் போலச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து நிமிர்ந்து பார்த்தார்.

 முதலில் வாய் திறந்தது சோலையம்மாள்.

"ஏண்டி, இன்னைக்குப் பௌர்ணமியா? நான் விரதமாச்சே, ரெண்டு இட்லி தின்னுபுட்டேனே!"

"பௌர்ணமியா? நேத்துச் சாயங்காலம் மாடியில பார்த்தேன், நிலா அரைக்கு மேல கொஞ்சம்தான இருந்துச்சு" என்றார் ஜெகபர் அலி. "ஒரே ராத்திரில இம்புட்டுப் பெருத்துருச்சா?"

"மாணிக்கம் வீட்டுச் சாப்பாடு அப்படி" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

எல்லோர் வீட்டிலும் நாள்காட்டி தொங்குகிறது. அதைக் கிழித்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். அதற்குமேல், பத்திரிகையில் கொட்டை எழுத்தில் போட்டு, கதவு தட்டிக் கொடுத்திருந்தாளே சண்முகவள்ளி, வளர்பிறை தசமி என்று! சூசைமாணிக்கம் முள்ளைத்தான் நினைத்தாரே தவிர, முள்ளை நகர்த்தினால் நிலாவும் கூடவே வந்து சாட்சி சொல்லும் என்று நினைக்கவில்லை. ஊர் முழுக்கத் திதி பார்க்கிற இடத்தில் நிலாவை ஐந்து நாள் தள்ளி வைத்துவிட்டு யாருக்கும் தெரியாது என்று நிற்கிறார்.

இளவேனில் அவரைப் பார்த்தார். "கடிகாரம் கெட்டுப்போச்சா?"

ஆம் என்று தலையாட்டியிருக்கலாம். அவர் ஆட்டவில்லை.

"இல்ல மேடம். நான்தான் தள்ளி வச்சேன்."

"யாருக்காக?"

அவர் தரையைப் பார்த்தார். கடிகாரத்தை நட்ட குழியில் ஓர் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். 

ஆனால் சண்முகவள்ளி இவர்கள் இருவரையும் கவனிக்கவே இல்லை. அவள் நிலாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"ஐயோ, நாளைக்கே இது தேய ஆரம்பிச்சிருமே!" என்றாள். "எம் பிள்ளைக்கு வளர்பிறையில நிச்சயம் பண்ணணும்னு மூணு மாசம் நாள் பார்த்து வச்சிருக்கேன். ஒரு விரல்ல தேய்பிறையில கொண்டாந்து நிறுத்திட்டியே தம்பி! திருப்பு. இப்பவே திருப்பு."

"நீதானக்கா..." என்று வாயெடுத்த சூசைமாணிக்கம் நிறுத்திக்கொண்டார்.

"ஆமா, நான்தான் கேட்டேன்." அவள் இளவேனில் பக்கம் திரும்பினாள். "மேடம், மனு குடுத்தவளும் நான்தான், நிலாவத் தள்ளச் சொன்னவளும் நான்தான். இந்த ஆளு மொதல்ல மாட்டேன்னுதான் சொன்னாரு. எனக்குத் தண்ணியே வேணாம். அந்த நிலாவ இருந்த இடத்துல வைக்கச் சொல்லுங்க."

"பின்னால போகாதுக்கா" என்றார் சூசைமாணிக்கம். "பல்லு உடைஞ்சிரும். இது முன்னாலதான் போகும்."

"அப்ப முன்னால போ. சுத்தி வா."

ஒரு முழு மாதத்துக்கு ஐம்பத்தொன்பது டிக். பத்து ஏற்கெனவே போயிற்று. மீதி நாற்பத்தொன்பது. அவர் விரலை வைத்தார். ஒன்று. இரண்டு. எண்ணும்படி யாரும் சொல்லவில்லை, ஆனால் நாலாவதிலிருந்து எல்லோருமே எண்ணிக்கொண்டிருந்தார்கள். அக்கா நிலா வலதுபக்கம் சாய்ந்து, ஒரு கண் மறைந்து, பிறகு மாறுகண்ணும் மறைந்தது. சின்ன அறையில் வெளிச்சம் குறைந்ததுபோல் இருந்தது. ஒவ்வொரு டிக்குக்கும் அரை நாள் அவர்களைக் கடந்து போயிற்று: வாடகைத் தேதி, சம்பளத் தேதி, கேஸ் சிலிண்டர் வரும் நாள், இன்னும் வராத காய்ச்சல், இன்னும் போடாத சண்டை. அத்தனையும் கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் சத்தமில்லாமல் போயின.  கடல் ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் போகும் ஓசை தனக்குக் கேட்டதாக ஜெகபர் அலி சத்தியம் செய்கிறார். அவர் பொய் சொல்லமாட்டார், பிரியாணியில் கறி அளவைத் தவிர.

இருபத்தொன்பதாவது டிக்கில் நிலாவே இல்லை. அமாவாசை. முள் ஏழில் நின்றது.

"ஏக்கா, மறுபடி ஏழு வந்துருச்சு" என்றது அதே பின்வரிசைக் குரல். "இங்கயே நிறுத்திரலாமா?"

"அமாவாசையில நிச்சயம் பண்ணச் சொல்றியாடா? உன் நாக்குல நெருப்ப வைக்க! நீ தள்ளு தம்பி."

அடுத்த டிக்கில் இடதுபக்க மேட்டுக்குப் பின்னாலிருந்து தங்கச்சி நிலா நகக்கீற்றாக எட்டிப் பார்த்தது. நேர்பார்வை. ஒவ்வொரு டிக்குக்கும் அது வளர்ந்தது, சண்முகவள்ளியின் முகத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக இரத்தம் திரும்பியது. நாற்பத்தொன்பது. நிலாவுக்குப் பத்து நாள். மூன்று குச்சி. சோலையம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இளவேனில் எண்ணுவதற்காக மடக்கிவைத்திருந்த விரலை வெட்கத்தோடு பிரித்துவிட்டுக்கொண்டார்.

"மூணாம் சந்து" என்றார் சூசைமாணிக்கம், சாவியைத் தோளில் தூக்கிக்கொண்டு.  தன் பெயர் பட்டியலிலிருந்து போய்விட்டது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

மூன்றாம் சந்தில் குழாய் சீறியது. அரைமணி நேரம் கழித்து, பிரியாணிக்கு வைத்திருந்த மூன்று பெரிய அண்டாக்களைத் தள்ளுவண்டியில் ஏற்றி, வழிய வழியத் தண்ணீர் பிடித்து, ஜெகபர் அலியும் அவர் சந்துக்காரர்களும் ஏழாம் சந்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். "எங்க சந்துத் தண்ணி, நாங்க யாருக்கு வேணாலும் குடுப்போம். இதுல நிலாவுக்கு என்ன வேல?" என்றார்.

ஒன்பது மணிக்கு நெய்க்காரப்பட்டியார் வந்து இறங்கினார்கள். கால் கழுவத் தண்ணீர் இருந்தது. இலை போட்டுப் பரிமாறியபோது மாப்பிள்ளையின் பெரியப்பா ரசத்தை மூன்றாம் தடவை கேட்டு வாங்கிக் குடித்தார்.

"ஏனுங்க, ரசம் என்னமோ தனி வாசமா இருக்குதுங்க. எங்க ஊர்ப்பக்கம் இப்படி வெக்கறதில்லீங்க."

அண்டாவை எத்தனை தேய்த்தாலும் பத்து வருடப் பட்டையும் கிராம்பும் போய்விடுமா? "அது எங்க சந்துத் தண்ணி வாசம் சம்பந்தி" என்றாள் சண்முகவள்ளி, இமைக்காமல்.

இளவேனில் சாயங்காலம்வரை இருந்தார். பன்னிரண்டு சந்தும் வரிசைப்படி திறந்து மூடுவதைப் பார்த்தார். போகும்போது சூசைமாணிக்கத்திடம் ஒன்றுதான் கேட்டார்: "கெட்டுப்போச்சான்னு நான் கேட்டப்ப ஆமான்னு சொல்லியிருக்கலாமே?"

"அது கெட்டுப்போகல மேடம். பாவம், அது மேல ஏன் பழி?"

அறிக்கையில் இளவேனில் என்ன எழுதினார் என்று யாருக்கும் தெரியாது. மனுவிலிருந்த நாற்பத்திரண்டு கையெழுத்துக்கும் எதிரே நாற்பத்திரண்டு பேரும் மறுபடி கையெழுத்துப் போட்டு, முதல் மனு தப்பு என்று எழுதிய தாளைச் சண்முகவள்ளியே ஆபீசில் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவள் வம்சத்தில் அதுதான் முதல் தடவை. தை மாதம் நிரந்தர உத்தரவு வந்தது. அத்துடன் லீவு விண்ணப்பமும் வாங்கிக்கொண்டுதான் சூசைமாணிக்கம் வீட்டுக்கு வந்தார்.

சாவியை ஆபீஸ் அனுப்பிய ஆளிடம் கொடுத்தார். கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் பொறுப்பைச் சண்முகவள்ளியிடம் கொடுத்தார். "நிலாவத் தொட்டுறாத" என்றார். "தொட்டாக் கையி வெந்துரும்னு எனக்குத் தெரியாதா?" என்றாள்.

வேளாங்கண்ணியில் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் ரூபி கோயிலுக்கு நடந்தாள். அவர் மணலுக்கு நடந்தார். முழங்கால் தண்ணீரில் நின்றார். அலை வந்தது, போயிற்று. வந்தது, போயிற்று. ஒரு மணி நேரம் ஆயிற்று. அலை நிற்கவில்லை. ரூபி ஜெபத்தை முடித்துக்கொண்டு தேடி வந்தபோது, அவர் காலால் மணலைத் துழாவிக்கொண்டிருந்தார்.

"என்னங்க தேடுறீங்க?"

"இம்புட்டுத் தண்ணியையும் யாரு திறந்துவிட்டது?"

"கர்த்தர்தான். வேற யாரு?"

சூசைமாணிக்கம் அடிவானம் வரை ஒரு தடவை பார்த்தார். பிறகு, கூடவே வேலை பார்க்கிற ஓர் ஆளின் மறதியைச் சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"மூட மறந்துட்டாரு, பாவம்."